கஞ்சி குடிக்கிற பயிர்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் உரக்கடை வைத்திருக்கும் அசன் முகம்மதைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் அவருடைய நாற்காலியைப் பற்றி எழுத வேண்டும். அந்த அசன் முகம்மது நான்தான். தன்னைப் பற்றித் தானே எழுதுவது அடக்கமில்லாத காரியம் என்று தெரியும். ஆனால் அடக்கம் என்கிற சரக்கு எங்கள் கடையில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

நாற்காலி சுழலும். கைப்பிடி ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரியும். அதில் உட்கார்ந்தால் நான் டாக்டர். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வயலில் வாடிய செடியையோ இலையையோ பறித்து மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். நான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பேன். திருப்பிப் பார்ப்பேன். கட்டைவிரலால் தேய்த்து மோந்தும் பார்ப்பேன். மோந்து பார்ப்பதால் ஒன்றும் தெரியாது, ஆனால் வந்தவருக்கு ஒரு திருப்தி. பிறகு அலமாரியில் ஏதாவது ஒரு தட்டைக் காட்டுவேன். இலை வந்த பையிலேயே மருந்து திரும்பிப் போகும். இத்தனை வருடத்தில் யாரிடமும் "மண்ணு எப்படிய்யா இருக்கு?" என்று கேட்டதில்லை. மண்ணைப் பையில் கொண்டுவந்தால் கடை அழுக்காகும்.

படிக்காமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உரம் விற்கிறவர்களுக்கென்று அரசாங்கம் நடத்துகிற வகுப்புக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் போனவன். சர்டிபிகேட் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்குகிறது. வகுப்பில் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து உட்கார்ந்ததால் பாதிப் பாடம் கனவோடு கலந்துபோனது. ஒரு வாக்கியம் மட்டும் தங்கிவிட்டது. "செடிக்குப் பல் கிடையாது. அதற்குத் தின்னத் தெரியாது, குடிக்கத்தான் தெரியும்." இதைச் சொல்லி நான் நீரில் கரையும் உரம் எத்தனையோ மூட்டை விற்றிருக்கிறேன்.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். மனைவி ஹஸீனா. மகன் பெயர் அனஸ் என்பதால் அவளுக்கு நான் 'அனஸ் அத்தா'. ஆலங்குளம் போகிற வழியில் அவளுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிக் கரிசல் இருக்கிறது, அவள் அம்மா சௌதா வழியில் வந்தது. என் மாமி இருந்தவரை ஐப்பசி மழைக்கு அதில் பாசிப்பயறு விதைப்பார். நோன்பு மாதத்தில் ஒரு நாள் பள்ளிவாசல் கஞ்சிக்கு அந்தப் பயற்றை உடைத்துப் பருப்பாகக் கொடுப்பார். மூன்று வருடத்துக்கு முன் பதினேழாம் நோன்பன்று இறந்துபோனார். அதற்குப் பிறகு நிலத்தில் வேலிக்கருவை முளைத்துக் கிடந்தது.

இந்த வருடம் ஐப்பசி பிறக்கும் முன்பே ஹஸீனா சொல்லிவிட்டாள்.

"அனஸ் அத்தா, அம்மா மௌத்தான அந்தப் பதினேழாம் நோம்பு அன்னைக்கி, அவிய நெலத்துப் பயித்துலயே ஒரு நாக் கஞ்சி ஊத்தணும். வேற ஒண்ணும் கேக்கல நான்."

ஒரு நாள் கஞ்சி. அவ்வளவுதான் அவள் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து எதையும் வாய்விட்டுக் கேட்காதவள். அதை அப்படியே செய்துவிட்டுப் போயிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடும் இடத்தில் ஜமாத் செயலாளர் ஆபித் அண்ணனைப் பார்த்து, "இந்த வருசம் முப்பது நாளும் கஞ்சிக்குப் பருப்பு நம்ம வயல்ல இருந்துதாண்ணே" என்று சொன்னேன். அவர் மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு நேரே உள்ளே போய் அதை மைக்கிலும் சொல்லிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மைக் கிடையாது.

செய்தி நான் வீடு சேர்வதற்குள் வீடு சேர்ந்திருந்தது. ஹஸீனா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் ஒரு நாளுதான கேட்டேன்?"

"ரெண்டு ஏக்கரு ஹஸீனா. பயறு நம்ம தொழிலு."

"உரந்தான் ஒங்க தொழிலு. பயறு எங்கம்மா தொழிலு" என்றாள். "பெருசாப் பேசி அந்த ஒரு நாளையும் போக்கிராதீங்க."

நான் சிரித்தேன். அப்போது அது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

கருவையை எடுத்து, உழுது, மழை விழுந்ததும் விதைத்தோம். அந்த 'தோம்' மரியாதைக்கு. விதைத்தது பால்ச்சாமி. அந்தப் பக்கத்து வயல்களில் உழவும் மருந்தடிப்பும் அவர்தான். நான் தொப்பி போட்டு வரப்பில் நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். பக்கத்து வயல் பாண்டிசெல்வி, என் கடை வாடிக்கை, அதே நாளில் அதே விதையை விதைத்தாள். பயிர் நன்றாகத்தான் வந்தது. மொட்டு வைக்கிற சமயத்தில் மழை நின்றுவிட்டது.

நின்றது ஆலங்குளம் பக்கம். எங்கள் வீட்டுப் பக்கம் நிற்கவில்லை. பிளவக்கல் மலையில் மேகம் இறங்கி சாயங்காலமானால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாட்டம் பெய்துவிடும். ஹஸீனா மொட்டை மாடிக்கு ஓடித் துணி எடுப்பாள். நான் சேரில் சாய்ந்துகொண்டு, "நம்ம பயித்துக்கும் நல்ல தண்ணி" என்பேன். மலையோரம் பெய்கிற மழை கரிசலுக்கு வந்து சேர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு இதை நானே சொல்லியிருக்கிறேன். ஊருக்குத்தானே உபதேசம்.

ஒரு நாள் பால்ச்சாமி போன் செய்தார்.

"பாய், பயறு மஞ்ச மஞ்சளாத் திரும்புது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

மறுநாள் கடை திறக்கும் முன் ஸ்கூட்டரில் போனேன். அன்று விடியற்காலையில் அங்கே லேசாகத் தூறியிருந்தது. தார்ரோடு நனைந்திருந்தது, வயலின் மேல்மண்ணும் கறுத்துத் தெரிந்தது. ஈரம் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்ததால் உள்ளே இறங்கவில்லை. ரோட்டோரத்துச் செடிகளைப் பார்த்தேன். அடியிலைகள் மஞ்சள், ஓரம் கருகல், உச்சிக் கொழுந்து சுருங்கிக் கிடந்தது.

அடுத்து நடந்ததை வேறு யாராவது சொன்னால் நானே நம்ப மாட்டேன். வயலில் நின்று பார்த்தால் எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. என்ன நோய், என்ன குறை, ஒன்றும் பிடிபடவில்லை. ஆகவே ஒரு கொத்து இலை பறித்தேன். என் கடைப் பெயர் அச்சடித்த மஞ்சப்பையில் போட்டேன். ராஜபாளையம் வரை ஓட்டிவந்து கடையைத் திறந்து பையை மேசைமேல் வைத்தேன். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு பையிலிருந்து இலையை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அத்தனையும் பளிச்சென்று புரிந்துவிட்டது. "வாங்க, எந்த ஊரு?" என்று என்னை நானே கேட்காததுதான் பாக்கி.

தழைச்சத்துக் குறை, இரும்புச்சத்துக் குறை, இன்னும் பெயர் தெரியாத நாலு குறை. தரையில் வீச யூரியா, இலையில் அடிக்கப் பயறு டானிக் என்று எனக்கு நானே எழுதிக் கொடுத்தேன். சொந்த வயல் என்பதால் டேங்குக்கு ஒரு மூடிக்குப் பதில் இரண்டு மூடி. மற்றவர்களுக்கு அளவு, நமக்குத் தாராளம்.

அன்று மத்தியானம் பாண்டிசெல்வியும் பையோடு வந்தாள். அதே மஞ்சள் இலை. நானும் அதே மருந்தைக் காட்டினேன். அவள் பணத்தை எடுக்கவில்லை.

"நீங்க போட்டுட்டீகளா பாய்?"

"நாளைக்கிப் போடுதேன்."

"அப்பம் நீங்க போடுங்க. நான் செத்தப் பொறுத்து வாரேன்."

"ஏம்மா, டாக்டர் மருந்த டாக்டரே குடிச்சுக் காட்டணுமா?"

"காட்டுனா நல்லதுதான பாய்" என்று சொல்லிவிட்டு வெறும் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

மறுநாள் உச்சி வெயிலில் மருந்தடித்தோம். பால்ச்சாமி தயங்கினார்.

"வெயிலு இந்தப் போடு போடுது. சாயந்திரமா அடிப்பமா பாய்?"

"சாயந்திரம் எனக்குக் கடை இருக்கு. அடிங்க."

ரோட்டோரத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். பஸ்ஸில் போகிறவர்கள் பார்ப்பார்களே. யூரியாவையும் அங்கிருந்தே வீசினோம். எல்லாம் இரண்டு மடங்காகப் போட்டதால் வயலின் பாதியிலேயே சரக்குத் தீர்ந்துவிட்டது. பின்பாதிக்கு நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் கடைக்கு லோடு வந்ததால் போக முடியவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் வீட்டில் இருக்கும்போதே பால்ச்சாமியிடமிருந்து போன் வந்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"பாய், முன்பக்கம் பூராம் வெந்துபோச்சு பாய்."

பின்னால் ஹஸீனா நின்றிருந்தாள். புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டு, "நானும் வாரேன்" என்றாள்.

வழி நெடுக அவள் பேசவில்லை. நான் பேசினேன். பூச்சியாக இருக்கலாம், பனியாக இருக்கலாம், விதை சரியில்லாமல் இருக்கலாம் என்று என்னைத் தவிர எல்லார் மேலும் பழி போட்டுக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

முன்பாதி தீய்ந்த அப்பளம்போல் கிடந்தது. பூ எல்லாம் கொட்டியிருந்தது. ஹஸீனா வரப்பில் நின்று பார்த்தாள். நான் வேறு வழியில்லாமல் குனிந்தேன். என் தொப்பைக்கும் பூமிக்கும் நடுவில் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு செடியைப் பிடுங்கினேன். தூறல் நனைத்தது மேலே ஒரு விரக்கடை மண்ணைத்தான், அதுவும் இப்போது காய்ந்திருந்தது. அதற்குக் கீழே விரலை விட்டால் பொடி.

வேரில் குட்டிக் குட்டி உருண்டைகள் சுருங்கிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அது என்னது, மணி மணியா?" என்றாள் ஹஸீனா.

"வேர்முடிச்சு. அதுக்குள்ள ஒரு நுண்ணுயிரு இருந்து, காத்துல இருக்க தழைச்சத்தப் பிடிச்சு செடிக்கு ஆக்கிக் குடுக்கும். பயறு வகைக்கெல்லாம் இதுதான் அடுப்படி." ஒன்றை நகத்தால் கிள்ளிப் பிளந்தேன். "உள்ள ரோஸ் நெறமா இருக்கணும். பாரு, வெளுத்துப்போய்க் கெடக்கு. அடுப்பு அணைஞ்சுபோச்சு."

"ஏன் அணைஞ்சுச்சு?"

"தண்ணியில்ல. தண்ணி கொறஞ்சா மொதல்ல அணையிறது இந்த அடுப்புத்தான்."

"மண்ணுல சத்து இல்லையா அப்பம்?"

"மண்ணுல இருக்கு. மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாங் கெடக்கு. ஆனா தண்ணியில கரைஞ்சு வந்தாத்தான் வேரு எடுக்கும். காஞ்ச மண்ணுல கெடந்த எடத்துலயே கெடக்கும். செடி கஞ்சி குடிக்கிற ஆளு ஹஸீனா. சட்டியில அரிசியும் பருப்பும் இருந்து என்ன செய்ய, தண்ணி ஊத்தாமக் கஞ்சி ஆகுமா?"

வகுப்பில் கேட்ட பாடம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நன்றாக விளக்குகிறோமே என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

"நீங்க என்ன ஊத்துனீங்க?" என்றாள்.

"ஊத்தல. போட்டேன்."

"என்ன போட்டீங்க?"

"யூரியா. அதுவும் ஒரு உப்பு மாதிரித்தான். இருக்க கொஞ்சம் ஈரத்தையும் வேரு எடுக்க விடாது. பொறவு வெயில்ல இலையில..." கையில் இருந்த செடியைக் கீழே போட்டேன்.

"நோம்பு தொறக்கப்போற ஆளு வாயில தண்ணி குடுக்காம, பச்சப் பருப்ப அள்ளிப் போட்டு, உப்பையும் அள்ளிப் போட்டிருக்கீங்க." அவள் சத்தம் போடவில்லை. "இம்புட்டும் ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா, இப்பத்தான் தெரியுமா?"

"சர்டிபிகேட்டே இருக்கு" என்றேன்.

தெரியாமல் செய்திருந்தால் ஒரு சமாதானம் இருந்திருக்கும். எல்லாம் தெரிந்துகொண்டே ஒருவன் செய்தால் அவனை என்ன சொல்வது? ஹஸீனா வரப்பில் உட்கார்ந்து புர்கா நுனியால் கண்ணைத் துடைத்தாள். "பதினேழாம் நோம்புக்கு நான் என்ன செய்வேன்" என்று மட்டும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, அவள் அம்மா இறந்த அன்றைக்கு அழுத அதே முகத்தை நானே திரும்ப வரவழைத்துவிட்டேனே என்பதுதான் தாங்க முடியவில்லை.

"கடையில நல்ல பருப்பா வாங்கிக் குடுத்திருவோம்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"கடையில வாங்குறதுக்கா ஒங்ககிட்டக் கேட்டேன்?"

நான் போய் வண்டியைத் திருப்பி நிறுத்தினேன்.

டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவரலாமா என்று விசாரித்தேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி. பால்ச்சாமி இருந்த களையை மட்டும் கொத்திவிட்டார், மிச்ச ஈரத்தைக் களை குடிக்காமலாவது இருக்கட்டும் என்று. நான் தினமும் காலையில் போய்ப் பின்பாதி வயல் முன்னால் நின்றேன். அங்கேயும் மஞ்சள்தான், ஆனால் கருகவில்லை. என் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை அதுதான். மஞ்சள் இலையைப் பார்த்தபடி எதையும் போடாமல், எதையும் விற்காமல் சும்மா நிற்பது. கையெல்லாம் அரித்தது.

கார்த்திகை கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் பால்ச்சாமி போன் செய்தார். இரைச்சலில் பாதி கேட்கவில்லை.

"பாய், தொப்பலா நனைஞ்சுபோய் நிக்கேன்! ஓடை போகுது பாய்!"

நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சொட்டு இல்லை. மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஹஸீனாவிடம் போனைக் கொடுத்தேன். அவள் அந்த மழைச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள்.

மழைக்கு அப்புறம் பின்பாதி மெல்ல மெல்லப் பச்சை பிடித்தது. புதுக் கொழுந்து வந்தது, இரண்டாவது தடவையாகப் பூ எடுத்தது. இடையில் பட்டினி கிடந்த பயிர் ஆகையால் காய் குறைவு, காய்க்குள் மணியும் குறைவு. முன்பாதியில் அங்கங்கே நாலு தண்டு துளிர்த்ததோடு சரி. பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது அந்தப் பாதிதான். நான் ஏற்பாடு செய்தபடியே.

பாண்டிசெல்வி வயல் முழுக்கப் பின்பாதி மாதிரியே தேறிவிட்டது. அறுப்பு முடிந்து கடைக்கு வந்தவள் மேசைமேல் ஒரு கைப்பிடிப் பயறு வைத்தாள்.

"பாய், ஒங்க மருந்து நல்லா வேல செஞ்சிச்சு பாய்."

"நீதான் வாங்கவே இல்லையே."

"ஒங்க வயலப் பாத்துத்தான் வாங்கல" என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். கடையில் நின்ற மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் சிரிப்பார்கள்.

பொங்கலுக்குள் எங்கள் பயறும் வீடு வந்து சேர்ந்தது. ஹஸீனா அதில் ஒரு டப்பாவை உடைக்காமல் தனியாக எடுத்து வைத்தாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. மீதியை மில்லில் உடைத்துக் கொண்டுவந்து புடைத்து, படியால் அளந்தாள். எத்தனை படி வேண்டும் என்று பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிறவரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தாள் போல. கடைசிப் படியைப் போடும்போது அவள் கை நின்றது.

"ஒரு நாளைக்கிச் சரியா இருக்கு" என்றாள்.

நான் ஆபித் அண்ணனைப் பார்க்கப் போனேன். வெள்ளிக்கிழமை, அதே செருப்புக் கிடக்கும் இடம். முப்பது நாள் இல்லை அண்ணே, ஒரு நாள்தான், பதினேழாம் நோன்பு என்றேன்.

"வயல நான் பஸ்ஸுல போகையிலயே பாத்துட்டேன் அசனு" என்றார். "மைக்குல எப்படிச் சொல்லட்டும்?"

"எம்பேரச் சொல்லாமச் சொல்லுங்க."

நோன்பு பிறந்தது. பதினேழாம் நாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு மைக்கில் சொன்னார்கள்: இன்றைக்குக் கஞ்சி, மர்ஹூமா சௌதாம்மா நிலத்துப் பயறு, அவர்களுக்காக துஆச் செய்யுங்கள். தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பாங்கு சொன்னதும் ஹஸீனா பேரீச்சம்பழம் எடுத்தாள், தண்ணீர் குடித்தாள், பிறகு கஞ்சியை வாயில் வைத்தாள். கொஞ்ச நேரம் விழுங்காமல் இருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. யூரியா நாற்றம் ஏதும் அடிக்கிறதோ என்றுகூட ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்தது.

"அம்மா பயறுதான்" என்றாள். கண்ணீர் வழிந்து கிண்ணத்தில் விழுந்தது. துடைக்காமலே இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். "நீங்க தொடாத எடமாப் பாத்து வெளைஞ்சிருக்கு."

"ஆமா" என்றேன். அதைவிட உண்மையான ஒரு வார்த்தையை யாரும் என்னைப் பற்றிச் சொன்னதில்லை.

"வர்ற ஐப்பசிக்கும் வெதைப்போம். ஒரு டப்பா எடுத்து வச்சிருக்கேன்."

வெதைப்போம் என்றாள். என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

"ஆனா ஒண்ணு" என்றாள். "இலையப் பறிச்சுக் கடைக்குக் கொண்டு போகக்கூடாது. அங்கனயே குனிஞ்சு, மண்ணுக்குள்ள கைய விட்டுப் பாக்கணும்."

நான் என் தொப்பையைப் பார்த்தேன். குனிகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இந்த ஒன்றை மட்டும் பள்ளிவாசலில் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.